இரண்டாம் எதிரி

கடலூர் கோர்ட்டில் நான் உட்கார்ந்த பெஞ்சு என்று ஒன்று கிடையாது. வாய்தாவுக்குப் போன நாளெல்லாம் நின்றேன், நடந்தேன், வேப்பமரத்திலிருந்து டைப் அடிக்கிறவர்கள் வரிசை வரை போய்ப் போய்த் திரும்பினேன். அங்கே டீ விற்றவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "எம்மா, சித்த ஒக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார். "சுத்துனா நீங்க ஒக்காருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தேன். என் வாய் அப்படி. சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபிலும் எனக்கு அந்தப் பெயர்தான். ஊசி குத்துவதற்கு முன்னால் வாயால் குத்திவிடுவேனாம்.

உள்ளே கூண்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் என் தம்பி. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் பாஷையில் எதிரி என்பார்கள். என் வீட்டுக்காரர் முதல் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி. பக்கத்து வீட்டுக்காரரை முதல் எதிரி மண்வெட்டியால் அடித்தார். அடித்த நேரத்தில் இரண்டாம் எதிரி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் செத்துப்போனார்.

முப்பத்துநாலாவது பிரிவு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரே எண்ணத்தோடு ஒரு காரியம் செய்தால், அடித்தது ஒருவராக இருந்தாலும் இருவரும் அடித்ததுபோலத்தான். பொது எண்ணம் என்று அதற்குப் பெயர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த இரண்டு பேருக்கும் டீயில் எவ்வளவு சர்க்கரை என்பதில்கூடப் பொது எண்ணம் இருந்ததில்லை. ஓட்டுப் போடுவதில் இல்லை, கிரிக்கெட்டில் இல்லை. ஒரு வீட்டில் மாமனும் மச்சானும் சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் பேசினால் எனக்கு நெஞ்சு படபடக்கும், எப்போது வெடிக்குமோ என்று.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். எங்கள் அம்மா வீடு கம்மாபுரம். டிப்ளமோ முடித்துவிட்டு நெய்வேலியில் ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனான். பர்மனென்ட் ஆகிவிடும் என்று காத்திருந்தான். போலீஸ் கேஸ் ஒன்று இருந்தாலே அந்தக் கதவு மூடிவிடும். அவன் தலைக்கு மேலே தொங்கியது ஜெயில் மட்டும் இல்லை.

நடந்தது என்ன என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சண்டைக்கு ஒரு வருஷம் முன்னால் போக வேண்டும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வைகாசியில் என் மகளுக்குக் காதுகுத்து. கம்மாபுரத்தில், அய்யனார் கோயிலில். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தம்பி புது வேட்டி கட்டிக்கொண்டு, பிள்ளையைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான். காது குத்தி முடித்து இலை போடும் நேரத்தில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பத்திரிகையில் அவர் அக்கா பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சுக்குக் கொடுத்தது என் அப்பா. "வேணும்னுதான வுட்டீங்க?" என்று இத்தனை பேருக்கு முன்னால் அப்பாவைக் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். பேச்சு தடித்தது. என் வீட்டுக்காரர் அப்பாவை நோக்கி ஒரு அடி வைத்தார். பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த தம்பி, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். ஒரு பொத்தான் தெறித்து இலையில் விழுந்தது.

மாப்பிள்ளை மேல் கை வைத்துவிட்டான். பந்தலே அடங்கிப்போனது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வேறு. ஆனால் நான் போய் தம்பியைத்தான் அறைந்தேன். "எனக்கு வாழ்க்க வேணுமா வேணாமா?" என்று கத்தினேன். மாமா காலில் விழச் சொன்னேன், விழுந்தான். அது போதாதென்று மகளைத் தூக்கிவந்து நிறுத்தி, "இவ தலயில அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே மாமா மேல ஒங் கை படாது" என்றேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை. மெதுவாகக் கை வைத்து, "படாதுக்கா" என்றான். கையை எடுத்தபோது சந்தனத்தில் அவன் ஐந்து விரலும் பதிந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. சிதம்பரத்தில் எங்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளி, வயலாக இருந்து நகர் ஆன இடம். பக்கத்து வீட்டு அண்ணன் புதுவீடு கட்டுவதற்காகச் சவுடு மண் அடித்து மனையை உயர்த்தியிருந்தார். தண்ணீர் போன வாய்க்காலும் அதில் மூடிக்கொண்டது. அவர் கெட்டவர் இல்லை. வேன் ஓட்டினார். எனக்கு வலி எடுத்த அன்று அவர் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி பரங்கிப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். மீன் குழம்பு வைத்தால் வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் வரும். "மழ வுட்டதும் வெட்டி வுட்டுடறேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். மழை விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிக்கொடுக்க தம்பி முதல் நாளே வந்திருந்தான்.

காலை பத்து மணி இருக்கும். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலை வெட்டப் போனார். மனைவி பின்னால் வர, அண்ணன் ஓடிவந்தார். "அஸ்திவாரம் போயிடும்பா" என்றார். வாய்வார்த்தை முற்றியது. நான் வாசற்படியில் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டி மேலே போனது. தம்பி ஓடினான்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி முதலில் ஓடியது என் வீட்டுக்காரரை நோக்கி. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினான். அவரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றான். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி அண்ணனைப் பின்பக்கமாக அக்குளில் கைகொடுத்துப் பிடித்து இழுத்தான். பிடிபட்ட ஆள் ஒதுங்க முடியாமல் போனார். மண்வெட்டியின் பின்பக்கம் அவர் தலையில் விழுந்தது. தம்பியின் கையில்தான் அவர் சாய்ந்தார்.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சண்டை விலக்கப் போகிறவன் தன் ஆளைத்தான் பிடிக்க வேண்டும். எதிராளியைப் பிடித்தால் அவனை அடிக்கக் கொடுத்த மாதிரி. தம்பிக்கும் தெரியும். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று ஊர் கேட்டது, போலீஸ் கேட்டது. நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் மூன்றாம் நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு பேரையும் பிடித்தார்கள். ஜாமீனில் வந்தார்கள். தம்பிக்கு நெய்வேலி வேலை போனது. பக்கத்து வீட்டு அக்கா வேலியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார். புதுவீடு அஸ்திவாரத்தோடு நின்றது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர் துணி துவைக்கிற சத்தம் கேட்டால் நான் இந்தப் பக்கம் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல். கடலூரில் பெயர் எடுத்தவர், வயசானவர், தங்கமாகப் பேசுவார். அவர் போட்ட வழி சுலபமாக இருந்தது. அண்ணன் சேற்றில் வழுக்கிக் கல்லில் விழுந்தார். என் வீட்டுக்காரர் அடிக்கவே இல்லை. தம்பியோ அன்றைக்குச் சிதம்பரத்திலேயே இல்லை, கம்மாபுரத்தில் இருந்தான். "ஆளே அங்க இல்லன்னுட்டா எந்தப் பிரிவும் ஒட்டாதும்மா" என்றார். தலையாட்டினோம்.

ஒரு வாய்தாவில் நான் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வக்கீலிடம் இல்லாத ஒரு சின்னப் பெண் வக்கீல் என் கூடவே நடந்தாள். கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்திருப்பாள்போல. "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஒங்க தம்பிக்குத் தனி வக்கீல் வைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் பேசுனா அவரு வாயால ஒரு உண்மையச் சொல்ல முடியாது. தம்பியக் காப்பாத்தணும்னா, ஒங்க வீட்டுக்காரரு அடிச்சாருன்னு யாராவது சொல்லணும்" என்றாள். பிறகு நின்று என்னைப் பார்த்து, "ஆமா, விலக்கத்தான் போனாருன்னா ஏங்க்கா ஒங்க வீட்டுக்காரரப் புடிக்கல?" என்றாள்.

நான் வேப்பமரத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே கம்மாபுரம் போய் அப்பாவிடம் தனி வக்கீல் என்று பேச்செடுத்தேன். அப்பா நெற்றியைச் சுருக்கினார். "மாப்புளைக்கு எதிரா நாம வக்கீல் வைக்கறதா? நாளைக்கு நீ எந்த மூஞ்சியோட அந்த வூட்டுல இருப்ப?" அம்மா அழுதாள். நான் கத்தினேன். "அவன் என்னா பண்ணான்? அவன் எதுக்கு உள்ள போவணும்?" தம்பி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். "வுடுக்கா. மாமா பொழச்சா நானும் பொழச்சேன். மாமா போயிட்டா நீயும் பாப்பாவும் என்னா பண்ணுவீங்க?" என்றான். நான் அழுதேன். அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவனே வேண்டாம் என்றுவிட்டான், இனி நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சேத்தியாத்தோப்பு வரை இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

விசாரணை இரண்டாயிரத்து எட்டில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாட்சிக்கூண்டில் ஏறினார். நான் வராந்தா ஜன்னலோரம் நின்று கேட்டேன். "இவுரு பின்னாடி வந்து புடிச்சிக்கிட்டாரு. அவுரு அடிச்சாரு." குரல் நடுங்கவில்லை. அரசு வக்கீல், பிடிக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டார். "நவுந்திருப்பாருங்க." ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். பொய் சொல்லியிருந்தாலாவது அவரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிறகு எங்கள் வக்கீல் எழுந்தார். சம்பவ நேரத்தில் இரண்டாம் எதிரி அங்கே இல்லவே இல்லை, பகையால் நீங்கள் அவர் பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "இருந்தாரு, இருந்தாரு" என்றார் அக்கா. நாலாவது தடவை அவர் ஏதோ சேர்த்துச் சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் எங்கள் வக்கீல். அக்கா வாயை மூடிக்கொண்டார்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரிகளைக் கேள்வி கேட்பார். இன்ன சாட்சி இன்னது சொன்னார், அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லும்படி வக்கீல் பழக்கியிருந்தார். "பொய்ங்க ஐயா." என் வீட்டுக்காரர் சொன்னார். தம்பி சொன்னான். நீ அவரைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே என்று கேட்டபோது மட்டும் அவன் கொஞ்சம் தாமதித்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். நான் கண்ணைக் கீழே போட்டேன். "பொய்ங்க ஐயா" என்றான்.

அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது. திட்டமிட்ட கொலை இல்லை, திடீர்ச் சண்டை என்று கொஞ்சம் இறக்கி, கொலையாகாத மரணம் என்று சொன்னார் நீதிபதி. ஆனால் பிடித்தவரும் அடித்தவரும் ஒரே எண்ணத்தோடுதான் செயல்பட்டார்கள் என்றார். இரண்டாம் எதிரி விலக்கத்தான் போனார் என்று அவர் தரப்பிலேயே யாரும் சொல்லவில்லை என்றும் வாசித்தார். இருவருக்கும் ஏழு ஏழு வருஷம். சென்னையில் செய்த அப்பீலும் இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடி ஆனது.

கடலூர் ஜெயிலில் இரண்டு பேரையும் ஒரே நாளில் மனுப்போட்டுப் பார்ப்பேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மெலிந்துபோய், கோபமெல்லாம் வடிந்துபோய் நிற்பார். "மச்சான்கிட்ட மொதல்ல பேசிடு" என்பார். அவருக்குக் கேட்கத் தெரிந்த மன்னிப்பு அதுதான். தம்பி வேறெதுவும் கேட்க மாட்டான். "பாப்பா நல்லா இருக்காளா? தலவலி, ஜொரம் ஒண்ணும் இல்லியே?" இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஒருமுறை மகளுக்கு டைபாய்டு வந்ததைத் தெரியாமல் சொல்லிவிட்டேன். முகம் செத்துப்போனது. "நான் ஒண்ணும் மீறலியேக்கா" என்றான். சுற்றிலும் ஆட்கள் கத்திப் பேசுகிற சத்தத்தில் காதில் விழாததுபோல நின்றேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற சமயத்தில் அடித்த புயலைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் மரமெல்லாம் முறிந்தது. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்து, தகரத் தடுப்பு மொத்தமும் படுத்துவிட்டது. இரண்டு மூன்று நாள் கழித்து நான் அரிவாளோடு வெளியே போனேன். அந்தப் பக்கம் அக்காவும் அரிவாளோடு நின்றார். ஆறு வருஷம் கழித்து நேருக்கு நேர். தலை நரைத்திருந்தது.

இருவரும் பேசாமல் கிளை கழித்தோம். நான்தான் முதலில் உடைந்தேன். "அக்கா, எங்க வீட்டுக்காரரு பண்ணதுக்கு நான் என்னா சொன்னாலும் பத்தாது" என்றேன். அவர் நிமிரவில்லை. வெட்டிக்கொண்டே, "ஒந் தம்பி எப்ப வருவான்?" என்றார்.

"தண்டனக் கழிவு போக இன்னும் ரெண்டு மூணு வருசம் ஆவும்."

அரிவாளை நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கி எங்க வீட்டுக்காரரப் புடிச்சப்ப ஒந் தம்பி அவுரு காதுகிட்ட சொன்னான். 'அண்ணா, உள்ள போயிடுங்கண்ணா. மாமாவ நான் தொட முடியாதுண்ணா.' பக்கத்துல நின்ன எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தொட முடியாதுன்னா என்னா அது? இத்தினி வருசமா ரோசன பண்றேன், வெளங்கல."

என்னுடைய வார்த்தை. காதுகுத்துப் பந்தலில் நான் போட்டது. அவன் சாகப்போகிற ஒரு மனுஷனிடம் அதைச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான்.

"கோர்ட்டுல ஏங்க்கா இதச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது அல்ல, அலறியது. "இத ஒண்ணு சொல்லியிருந்தீங்கன்னா அவன் வெளிய வந்திருப்பானே!"

"சொல்ல வந்தேன். அவன் அங்க இருந்தானா இல்லியான்னுதான் ஒங்க வக்கீலு கேட்டாரு. என்னா பேசுனான்னு யாரு கேட்டா?" கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் அங்கதான நின்ன. வாசப்படியில. நான் பாத்தேன். எனக்குச் செத்தது புருசன். ஒனக்கு அவன் தம்பி. நீ சொன்னியா?"

வாயைத் திறந்தேன். யாரிடமும் தோற்காத வாய். ஒன்றும் வரவில்லை.

அவர் பிறகு குனிந்து, கழிக்க முடியாத பெரிய கிளையின் ஒரு முனையைத் தூக்கினார். "அந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன்.